தமிழ் எழுத்துக்கு எண் கொடுத்த கதை

குழந்தைகளே! ஒரு படி நெல் என்றால் எவ்வளவு?

உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். "எந்தப் படி?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலம் உண்டு. வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி என்று இரண்டு வைத்திருந்த கெட்டிக்கார வியாபாரிகளும் உண்டு!

இந்தச் சிக்கல் நேற்று வந்ததல்ல. நம் அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது அல்லவா? அதைக் கட்டிய இராசேந்திர சோழனின் தந்தை இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். நெல் அளந்த கணக்கு எழுதும்போது, எந்த மரக்காலால் அளந்தது என்பதையும் பெயரோடு குறித்திருக்கிறார்கள். அந்த மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்த ஊர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தகராறு வந்தால் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்! பிறகு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் மீட்டரும் நாடு முழுவதற்கும் பொது அளவுகள் ஆயின.

இப்படி எல்லாரும் ஒப்புக்கொண்டு பின்பற்றும் அளவுக்குத் 'தரம்' என்று பெயர். நெல்லுக்கு மட்டுமல்ல, எழுத்துக்கும் தரம் வேண்டும். கணினியும் இணையமும் வந்த பிறகு தமிழ் எழுத்துக்கு அப்படி ஒரு தரம் கண்டுபிடிக்க நம்மவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கணினிக்கு 'அ' தெரியுமா?

தெரியாது! கணினிக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தாம். ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தின் முதல் எழுத்தான பெரிய 'ஏ'வுக்கு எண் 65. இதை அமெரிக்காவில் 1960-களிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். ஆகவே அங்கே அனுப்பிய 65 இங்கே வந்தாலும் 'ஏ'தான்.

அந்த அட்டவணையில் இருந்தவை 128 இடங்கள். பின்னால் வந்த கணினிகளில் இடங்கள் 256 ஆயின. முதல் பாதியில் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டதால், மீதி 128 இடங்களில் தமிழ் நுழைய வேண்டும். நமக்கு எத்தனை எழுத்து? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. எப்படி நுழையும்?

இங்கேதான் எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 'கா, கெ, கே, கை' எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் வேண்டாம். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு இவற்றுக்கு ஓரோர் இடம் போதும். 'க'வுடன் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கு, சு, து, பு என்ற உகர வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது. அவற்றுக்குத் தனித்தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டு ஒருவழியாக எல்லா எழுத்துகளையும் அடைத்துவிட்டார்கள்.

அடைத்தது சரி. ஆனால் எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை! சென்னையில் ஒருவர் ஒரு மாதிரி வைத்தார், மலேசியாவில் ஒருவர் வேறு மாதிரி, கனடாவில் இன்னொருவர் இன்னொரு மாதிரி. இலங்கைத் தமிழர் பெரிதும் பயன்படுத்திய 'பாமினி' எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று ஆங்கிலத்தில் தெரியும். தமிழ் இணையதளங்கள் வரத் தொடங்கிய நாளில், தளத்துக்கு ஒரு எழுத்துருவை இறக்கி வைத்துக்கொண்டால்தான் படிக்க முடியும். ஊருக்கு ஒரு படி என்ற கதைதான் மறுபடியும்!

பெயர் தொலைந்த குட்டை

இதனால் என்ன நட்டம் என்று கேட்கிறீர்களா? ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன்.

2003-இல், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில் நான் ஆசிரியராக இருந்தேன். எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய் ஏரி, குளம், குட்டை, ஓடை, வயல் இவற்றின் பெயர்களையெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்தார்கள். நாற்பது பக்கம் தேறியது. பெரம்பலூரில் கணினி அச்சு செய்யும் ஒரு கடையில் தட்டச்சு செய்து, சில படிகள் எடுத்தோம். கடைக்காரர் ஒரு குறுந்தகட்டிலும் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து நோட்டு பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அச்சிட்ட படிகளைக் கரையான் தின்றது.

பல ஆண்டு கழித்து அந்தக் குறுந்தகட்டைத் திறந்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்தும் மேற்கோள் குறியும் கட்டங்களும்! அந்த எழுத்துரு இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. சாத்தனூர் கல்மரம் பார்த்திருப்பீர்கள். மரத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதில் ஒரு இலை துளிர்க்காது. எங்கள் கோப்பும் அப்படித்தான் இருந்தது.

நல்ல வேளையாக, பழைய எழுத்துருவில் உள்ளதைப் புதிய முறைக்கு மாற்றும் மென்பொருள்களைச் சிலர் செய்து இலவசமாகவே கொடுத்திருந்தார்கள். சுரதா யாழ்வாணன் செய்த 'பொங்குதமிழ்' அவற்றில் ஒன்று. அன்றைய மாணவி ஒருத்தி, இப்போது கணினித் துறையில் இருப்பவள், இரண்டு நாள் உட்கார்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். ஒரு குட்டையின் பெயர் மட்டும் வரவில்லை. முதல் எழுத்து வெறும் கட்டம். அடுத்து 'லியான் குட்டை' என்று இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிய இருவரையும் தேடிப் பிடித்தோம். ஒருவன் 'புலியான் குட்டை' என்கிறான். மற்றவன் 'கூலியான் குட்டை' என்கிறான். சொன்ன பெரியவர் இன்று இல்லை. குட்டையும் தூர்ந்துவிட்டது.

கடல் கடந்து ஒரு பஞ்சாயத்து

இப்படி ஆகக்கூடும் என்பதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் வெளிநாட்டில் இருந்த தமிழர்கள்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு வழங்கும் 'மதுரைத் திட்டம்' 1998 பொங்கல் நாளில் அவர் முன்னின்று தொடங்கியதுதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்தார். 1997-இல் அங்கேதான் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு கூடியது.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு எண் அட்டவணை வேண்டும் என்று இவர்களும் இன்னும் பலரும் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் விவாதித்தார்கள். இந்த எழுத்துக்கு இந்த இடம் வேண்டாம், அந்தப் பழைய கணினியில் அது தெரியாது; கிரந்த எழுத்துக்கு எத்தனை இடம்; தமிழ் எண்களுக்கு இடம் உண்டா என்று கேள்வி மேல் கேள்வி! முடிவில் 'டிஸ்கி' என்ற அட்டவணை பிறந்தது. சம்பளம் இல்லை, பதவி இல்லை. ஒரே அறையில் கூடக்கூட இல்லை. இத்தனை பேர் முகம் பாராமலே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்களே என்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

1999 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு சென்னையில் 'தமிழ் இணையம் 99' மாநாட்டைக் கூட்டியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர். அங்கே விசைப்பலகையைப் பற்றிப் பெரிய வாதம். அரசு அலுவலகத் தட்டச்சர்களுக்குப் பழைய தட்டச்சு இயந்திர முறையே பழக்கம். வெளிநாட்டுத் தமிழர்களுக்கோ ஆங்கில ஒலிப்பில் தட்டித் தமிழ் வரவழைப்பது எளிது. இரண்டும் இல்லாமல் தமிழ் இலக்கணத்தை ஒட்டிய ஒன்று வேண்டும் என்றனர் வேறு சிலர்.

அப்படி வந்ததுதான் 'தமிழ் 99' விசைப்பலகை. மொத்தம் 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடக்கம். 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம், கூட்டினால் 31 சரியாக வருகிறதா? உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். அடிக்கடி வரும் க, ப, ம, த, ந எல்லாம் வலக்கை விரல்கள் இயல்பாக நிற்கும் நடுவரிசையில். 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆகிவிடும். 'ந'வும் 'த'வும் தட்டினால் 'ந்த'! வல்லினமும் அதன் இன எழுத்தான மெல்லினமும் சேர்ந்து வரும் என்று இலக்கண வகுப்பில் படித்தீர்களே, அதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

விசைப்பலகைக்கு நல்ல முடிவு வந்தது. எண் அட்டவணைக்கு? தமிழ்நாட்டு அரசு 'டாம்', 'டாப்' என்று இரண்டு அட்டவணைகளை ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர்களில் பலர் டிஸ்கியை விடவில்லை. ஆக, ஒன்று வேண்டும் என்று கூடிய இடத்தில் மூன்று ஆயிற்று!

இந்த மாதிரிச் சண்டைகளைப் பேசித் தீர்க்க நிலையான ஓர் அமைப்பு வேண்டும் என்று 2000-இல் சிங்கப்பூர் மாநாட்டில் 'உத்தமம்' தொடங்கப்பட்டது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் என்பதன் சுருக்கம் அது.

உலகத்துக்கே ஒரே அட்டவணை

இதற்கிடையில் உலக அளவில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. தமிழ், சீனம், அரபு, உருசியம் என்று எல்லா மொழி எழுத்துகளையும் ஒரே அட்டவணையில் வைத்துவிட்டால் என்ன? அதுதான் யூனிகோடு. முதல் பதிப்பு 1991-இல் வந்தது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். அதில் 'அ'வின் எண் 2949. 'க'வின் எண் 2965. நம் 'ழ'வின் எண் 2996. இன்று உங்கள் வீட்டுக் கைபேசியிலிருந்து ஒரு 'ழ' போனால், கனடாவில் இருக்கும் கைபேசியிலும் அது 'ழ'வாகவே தெரிவதற்குக் காரணம் இந்த எண்தான்.

அப்படியானால் எல்லாருக்கும் மகிழ்ச்சிதானே? இல்லை! யூனிகோடு தன் இந்திய மொழி அட்டவணைகளை இந்திய அரசு முன்பு செய்திருந்த 'இஸ்கி' என்ற தரத்தைப் பார்த்துச் செய்தது. அதில் 'க' முதலில். அதோடு புள்ளியைச் சேர்த்தால் 'க்'. நம் இலக்கணமோ 'க்' முதலில், அதோடு 'அ' சேர்ந்தால் 'க' என்கிறது. தலைகீழாக இருக்கிறதே என்று தமிழறிஞர்கள் வருந்தினார்கள். இடமும் கூடுதலாகப் பிடிக்கிறது என்றார்கள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து எண்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று ஓர் அட்டவணையைத் தயாரித்தார்கள். அதன் பெயர் 'டேஸ் 16'. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆனால் அதற்குள் உலகக் கணினிகளும் கைபேசிகளும் யூனிகோடுக்குப் பழகிவிட்டன.

ஏன் யூனிகோடையே திருத்தக் கூடாது? திருத்த முடியாது! ஒரு முறை ஓர் எழுத்துக்கு எண் கொடுத்துவிட்டால் அதை மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்பது அவர்களின் கண்டிப்பான விதி. மாற்றினால், முன்பு எழுதிய கோடிக்கணக்கான பக்கங்கள் கெட்டுவிடும் அல்லவா? எழுத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைக்கூட மாற்ற மாட்டார்கள். நம் ஆய்தத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'விசர்க்கம்'! அது வடமொழி எழுத்தின் பெயர். தவறு என்று அவர்களுக்கே தெரியும். பக்கத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்களே தவிர, பெயர் அப்படியேதான் இருக்கிறது. 'ழ'வுக்கு 'எல், எல், எல், ஏ' என்று பெயர். சிரிப்பு வருகிறதா? எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும்.

எனவே சேர்க்கும்போதே விழித்திருக்க வேண்டும். 2010-இல் அப்படி ஒன்று நடந்தது. கிரந்த எழுத்து முறைக்குத் தனி இடம் வேண்டும் என்ற திட்டத்தில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளையும் சேர்த்திருந்தார்கள். தமிழ் அட்டவணைக்குள் கிரந்த எழுத்துகளைக் கூட்டும் யோசனையும் தனியாக வந்தது. தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டு அரசு, முடிவைத் தள்ளி வைக்குமாறு இந்திய அரசுக்கு எழுதியது. ஆராய்ந்து முடித்து, 2014-இல் கிரந்தம் யூனிகோடில் சேர்ந்தபோது அந்த ஐந்து எழுத்துகள் அதில் இல்லை. தமிழ் அட்டவணையும் தொடப்படவில்லை.

யார் முடிவு செய்கிறார்கள்?

யூனிகோடு ஒரு கூட்டமைப்பு. பெரிய கணினி நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி உறுப்பினர் ஆகியிருக்கின்றன. அரசுகளும் சேரலாம், இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் உறுப்பினராக இருந்திருக்கின்றன. பணம் கட்டியவருக்கே ஓட்டு என்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஓட்டு இல்லாதவரும் விண்ணப்பம் எழுதலாம், ஆட்சேபமும் எழுதலாம். சான்று மட்டும் கேட்பார்கள். 'இந்த எழுத்து இருந்தது' என்று சொன்னால் போதாது. எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று படம் காட்ட வேண்டும்.

உங்கள் தாத்தாவின் தாத்தா படித்த வாய்பாட்டில் மா, காணி, வீசம், அரைக்கால், முந்திரி என்று பின்னங்கள் இருந்தன. முந்திரி என்றால் நம் செந்துறைப் பக்கத்து முந்திரிப் பருப்பு அல்ல. 320-இல் ஒரு பங்கு! இவற்றுக்கெல்லாம் பழைய தமிழில் தனித்தனிக் குறி உண்டு. ஸ்ரீரமண சர்மா என்பவர் பழைய கணக்கு நூல்களிலிருந்து இவற்றைத் திரட்டி விண்ணப்பித்தார். தமிழறிஞர்கள் சரிபார்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2019-இல் வந்த யூனிகோடின் 12-ஆம் பதிப்பில் 51 பழந்தமிழ்க் குறிகள் இடம்பெற்றன. உழக்கு, குறுணி, பதக்கு என்ற நெல் அளவுக் குறிகளும் அவற்றில் உண்டு. படி அளந்தவர்களின் குறிகள் கணினிக்குள் வந்து சேர்ந்துவிட்டன!

எழுத்தைப் போலவே இணையத்தின் மற்ற விதிகளையும் இப்படிப் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். வலைப்பக்கத்தைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ 1994-இல் அதற்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். அங்கே ஒரு விதி முதலில் வரைவாக வெளியாகும். யாரும் குறை சொல்லலாம். வெவ்வேறு மென்பொருள்களில் அது வேலை செய்கிறது என்று காட்டிய பிறகே 'பரிந்துரை' ஆகும். கவனியுங்கள், கட்டளை அல்ல, பரிந்துரை! அங்கே தமிழுக்கும் வேலை இருக்கிறது. தலைப்பை அகலமாக்க எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டால், 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து ஓடிவிடக் கூடாதே!

கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை வகுக்கும் இன்னொரு குழு இருக்கிறது. அங்கே ஓட்டெடுப்பே இல்லை. எந்தப் பக்கம் ஆதரவு அதிகம் என்று பார்க்க, கூடியிருப்பவர்களை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகச் சொல்வார்கள்! எந்த முனகல் பலமோ அந்தப் பக்கம் சாய்வு என்று அறிந்துகொள்வார்கள். அதற்காக, எதிர்ப்பவர் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட மாட்டார்கள்; அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் வகுப்பில் முயன்று பார்க்காதீர்கள், தலைமையாசிரியர் வந்துவிடுவார்.

பழைய எழுத்து, புதிய எழுத்து

தமிழுக்கு இதற்கு முன்பும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது 'லை, ளை, ணை, னை' ஆகியவற்றை யானைத் துதிக்கை மாதிரி சுழித்து எழுதுவோம். 'ணா, றா, னா'வுக்குத் தனிக் கால் கிடையாது. எழுத்தையே வளைக்க வேண்டும். பெரியார் 1935 முதலே தம் இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டு வந்தார். 1978-இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாட்டு அரசு அவற்றில் 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றுக்கொண்டன. 'ஐ'க்கு 'அய்', 'ஔ'வுக்கு 'அவ்' என்று பெரியார் சொன்னது மட்டும் அரசாணையில் சேரவில்லை. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். பழைய எழுத்தில் படித்து, புதிய எழுத்தில் பாடம் நடத்தப் பழகினோம். ஒன்றை நினைத்துப் பாருங்கள்: அந்தச் சுழித்த எழுத்துகள் நீடித்திருந்தால், கணினியில் அவற்றுக்கும் இன்னும் சில இடங்கள் தேடியிருக்க வேண்டும்!

'ஔ' என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பள்ளிக் கணினியில் 'கௌதமன்' என்று தட்டுங்கள். பிறகு 'கெளதமன்' என்று, அதாவது 'கெ' தட்டி அதற்கு அடுத்து 'ள' எழுத்தையே போட்டுத் தட்டுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் 'ள' என்ற எழுத்து. கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள்! இணையத்தில் இரண்டையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். கௌசல்யா, பௌர்ணமி, சௌக்கியம் இவற்றையும் அப்படியே செய்யுங்கள். உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கௌதமனோ கௌசல்யாவோ இருந்தால், அந்தப் பெயர் கணினியில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு, நோட்டில் குறித்து வையுங்கள்.